இரண்டு மில்லிசெக்கன் தூரம்

அத்தியாயம் 4

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு வந்த பெண், கதிரையில் உட்காருவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒராளைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எத்தினை நாள் எடுக்கும்?"

வெள்ளவத்தையில், காலி வீதியோரம், ஒரு பார்மசிக்கு மேல்மாடியில் இருந்தது ஹியூபேட்டின் அலுவலகம். இருபத்திரண்டு வருடங்களாக அந்தப் படியேறி வந்தவர்கள் முதலில் அழுவார்கள், அல்லது யாரையாவது திட்டுவார்கள். நாள் கணக்குக் கேட்டுக்கொண்டு வந்தவர்கள் மிகக் குறைவு.

"ஆளைப் பொறுத்தது," என்றார் ஹியூபேட். "ஆர் காணாமல் போனது?"

"என்ர மனுசன்."

மின்சாரசபைக்கு மீட்டர் இலக்கம் சொல்லும் குரலில் சொன்னாள். பெயர் றேணுகா. வயது முப்பத்தொன்பது. மூன்று ஒழுங்கை தள்ளி ஒரு மாடிக் குடியிருப்பில் மகளோடு இருக்கிறாள். கணவன் லோகேஸ்வரன், கணினி வலையமைப்பு வேலை பார்த்தவன். எட்டு மாதத்துக்கு முன் ஒஸ்லோவில் இருக்கும் தமக்கையிடம் போனான். ஊருக்கெல்லாம் அப்படித்தான் தெரியும்.

"அவர் ஒஸ்லோவிலை இல்லை எண்டு நினைக்கிறன்," என்றாள்.

"ஏன் அப்பிடி நினைக்கிறியள்?"

"அது உங்கட வேலை."

பக்கத்து மேசையில் இருந்த ஷஹீமா தலையை நிமிர்த்தினாள். "டொக்டர்கிட்டப் போய் எங்க நோவுதுன்டு செல்லாம, அது உங்கட வேலைன்டு செல்ற மாதிரி இரிக்கி மெடம்."

றேணுகா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ஒரு கடித உறையை மேசையில் வைத்தாள். அதற்குள் இரண்டு படங்களும், அவர்களுடைய குடியிருப்புக்காரர்களின் வட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்து அச்சடித்த பதினொரு தாள்களும் இருந்தன. வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"கண்டுபிடிச்சால், எத்தினை மணித்தியாலத்திலை எண்டு எழுதி வையுங்கோ. எதை வைச்சுக் கண்டுபிடிச்சனீங்கள் எண்டும் எழுதுங்கோ."

அவள் செருப்புச் சத்தம் படிகளில் இறங்கி மறைந்தது.

ஷஹீமாவுக்கு முப்பத்துமூன்று வயது. ஹியூபேட்டிடம் வேலைக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் ஓர் இன்டர்நெற் கொம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவில் தொலைபேசி எடுத்தவள். நாளுக்கு நூறு பேரின் ஏச்சைக் காதில் வாங்கியதால் உலகத்தில் எவருக்கும் பயமில்லாமல் போய்விட்டது அவளுக்கு.

"சேர், அந்தப் பொம்பள ஒரு விஷயம் கேக்கல்ல."

"என்ன?"

"வேற ஆரும் பொம்பள இரிக்காளான்டு. இந்தக் கதிரைல குந்தின அத்தனை பேரும் கேட்ட கேள்வி அது."

ஹியூபேட் தாள்களைப் புரட்டினார். "இன்னொண்டும் இருக்கு. இதிலை புருசன் பெண்சாதிக்குள்ளை நடந்த கதை ஒரு வரிகூட இல்லை. எல்லாம் அந்தக் குடியிருப்பிலை இருக்கிற நூற்றறுபது பேரும் பார்க்கக்கூடியது."

"வெக்கமாக்கும்."

"இருக்கலாம்."

இரண்டையும் குறித்துக்கொண்டார். அதற்குமேல் அவருக்குள் ஒன்றும் எழவில்லை. முன்பென்றால் இப்படி ஒரு முரண் கையில் தட்டுப்பட்டதும் பிடரியில் ஒரு சிலிர்ப்பு ஓடும். போன வருடம், வீட்டை விட்டு ஓடிய ஒரு பெண்ணை ஒன்பது நாளில் தேடிப் பிடித்து, விலாசத்தை அவள் தகப்பனிடம் கொடுத்தார். தகப்பன் அழுதுகொண்டு நன்றி சொன்னான். பிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்பதை ஹியூபேட் பத்திரிகையில்தான் வாசித்தார். ஐந்தாம் பக்கம், இடது மூலை. அன்றிலிருந்து அவர் அழவும் இல்லை, வேலையை விடவும் இல்லை. காலையில் வருவார், தேடுவார், கண்டுபிடிப்பார், வீட்டுக்குப் போய்த் தமக்கை போடுவதைத் தின்றுவிட்டுப் படுப்பார்.

மத்தியானம் தாண்டி ஷஹீமா ஏழாவது தாளைத் தூக்கிப் பிடித்தாள்.

"மனுசன் ஒஸ்லோல இருந்துகொண்டு பக்கத்து வீட்டுக்காரருக்கு வகுப்பு எடுத்தீக்கிறார், பாருங்க."

குடியிருப்பில் இருந்த ஒருவர், நெற் நத்தை மாதிரி ஊர்கிறது, ஒரு பக்கம் திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது என்று குழுவில் புலம்பியிருந்தார். இருபது பேர் ஓம் போட்டிருந்தார்கள். எட்டு மாதத்தில் பிறந்தநாள் வாழ்த்துத் தவிர வேறொன்றும் எழுதாத லோகேஸ்வரன், அதற்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் பதில் எழுதியிருந்தான். கீழே அவனுடைய கணினித் திரையின் படம் ஒன்று. பதினான்கு வரிகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண், பக்கத்தில் பச்சைக் கோடு.

"இது என்ன?"

"எது வேகமான டிஎன்எஸ் சேர்வர்ன்டு பாக்கிற கணக்கு. நீங்க ஒரு வெப்சைட்ட பேர் சொல்லிக் கூப்பிடுறீங்க. கொம்பியூட்டருக்குப் பேர் வெளங்காது, நம்பர்தான் வெளங்கும். பேரைக் குடுத்தா நம்பரைத் தேடித் தாற ஆள்தான் டிஎன்எஸ். சந்தில நின்டு வழி செல்ற ஆள் மாதிரி. நசீமா வீடு எதுன்டு கேட்டா, சில பேர் டக்குன்டு கையைக் காட்டுவாங்க. சில பேர் எந்த நசீமா, ஆர்ட மகள், எங்க கட்டினதுன்டு தலையச் சொறிவாங்க."

"அப்ப இந்தப் படம்?"

"சந்தில நிக்கிற பதினாலு பேர்ட்டயும் நூறு தரம் கேட்டு, ஆர் கெதியாச் செல்றான்டு வரிசையாப் போட்டீக்கிது. முதலாவது ஆள் ரெண்டு மில்லிசெக்கன். கண்ண ஒருக்கா மூடித் திறக்க முந்தி நூறு கேள்விக்குப் பதில் செல்லுவார். நான் ஆறு வருசத்துல ரெண்டு கண்டதே இல்ல. நாப்பது, அம்பதுதான் நம்மட தலையெழுத்து."

ஹியூபேட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லோகேஸ்வரன் எழுதியதை வாசித்தார். விளக்கமெல்லாம் முடித்து, கடைசியில் ஒரு எச்சரிக்கை எழுதியிருந்தான்: என்ர படத்தைப் பார்த்துக் கொப்பி அடிக்காதையுங்கோ. உங்கட வீட்டிலை இருந்து அளந்து, உங்களுக்கு எது வேகமோ அதைப் போடுங்கோ. ஒவ்வொரு இடத்துக்கும் வேறை.

"ஏன் ஒவ்வொரு இடத்துக்கும் வேறை?" என்று கேட்டார்.

"பின்ன? கிட்ட நிக்கிறவர்தானே கெதியாச் செல்லுவார். மட்டக்களப்புல நிக்கிறவர்ட்ட இங்கன இருந்து சத்தம் போட்டுக் கேட்டா..." ஷஹீமா பாதியில் நிறுத்தினாள்.

இருவரும் தாளைப் பார்த்தார்கள்.

"ஒஸ்லோவிலை இருக்கிறவருக்குக் கிட்ட நிக்கிற ஆள் ஆர்?"

"ஒஸ்லோக்காரன்." அவள் ஏற்கெனவே முதல் வரியில் இருந்த எண்ணைத் தன் கணினியில் அடித்துக்கொண்டிருந்தாள். இன்டர்நெற்றில் எந்த எண் எந்தக் கொம்பனிக்குச் சொந்தம் என்பதற்குப் பொதுப் பதிவேடு உண்டு, யாரும் பார்க்கலாம். அரை நிமிடம்கூட ஆகவில்லை. "ஹாபர்நெற். சின்னக் கொம்பனி. கொட்டாஞ்சேனையில மாடிக் கட்டடம் அஞ்சுக்கு மட்டும் லைன் குடுக்கிறாங்க. இவங்கட சேர்வர் சொந்த கஸ்டமருக்கு மட்டும்தான் பதில் செல்லும். வெளியாள் கேட்டா வாயே திறக்காது."

ஹியூபேட் எழுந்து யன்னலண்டை போனார். கீழே பஸ் ஒன்று தெஹிவளைப் பக்கம் ஆட்களைத் திணித்துக்கொண்டு போனது. கொட்டாஞ்சேனையில்தான் அவருடைய வீடும். ஊருக்கெல்லாம் நோர்வேயில் இருக்கும் ஒரு மனிதன், அவர் மீன் வாங்கும் சந்தியைச் சுற்றி எங்கோ இருக்கிறான்.

சனிக்கிழமை பின்னேரம் ஒன்றரைக்கு அந்த ஐந்து கட்டடங்களில் நடுவில் இருந்ததன் முன்னால் நின்றார்கள். எல்லாமாக முந்நூறு வீடுகள் வரும்.

"கதவு கதவாத் தட்டினா பெருநாள் வந்திரும்," என்றாள் ஷஹீமா. "சேர், நான் செல்றதக் கேளுங்க. நெற் ஸ்லோன்டு லட்சம் பேர் செல்லுவாங்க. எவ்வளவு ஸ்லோன்டு எண்ணிக்கையோட செல்றவன் ஒருத்தன்தான் இருப்பான். அவனை லைன் பாக்க வார ஆள் சாகுமட்டும் மறக்க மாட்டார்."

லைன் பார்க்கிற ஆள் தேநீர்க் கடை வாசலில், ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு வடை தின்றுகொண்டிருந்தார். சட்டையில் கொம்பனியின் பெயர். ரொனி, வத்தளையில் இருந்து வருகிறவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். ஷஹீமா அவருக்கொரு பிளேன்டீ சொல்லிவிட்டு, தானும் ஒரு காலத்தில் இதே தொழிலில் கிடந்து சீரழிந்த கதையைத் தொடங்கினாள். ஐந்து நிமிடத்தில் இருவரும் வாடிக்கையாளர்களைப் பற்றிப் பழைய சிநேகிதர்கள் போலக் குறைசொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"எங்களுக்கு ஒருத்தர் இருந்தார்," என்றாள். "எங்களுக்கே பாடம் எடுப்பார்."

ரொனி கிளாஸைக் கீழே வைத்தார். "அது பரவாயில்லை தங்கச்சி. இஞ்சை நாலாம் மாடியிலை ஒரு புரொபெசர் இருக்கிறார். போன மாசம் என்னைக் கூப்பிட்டு, ரெண்டாய் இருந்தது இண்டைக்கு மூண்டாப் போச்சு எண்டார். என்ன மூண்டு எண்டு கேட்டன். மில்லிசெக்கனாம். நான் வத்தளையிலை இருந்து பஸ்ஸிலை ஒண்டரை மணித்தியாலம் வாறவன்."

"பேர் என்ன?"

"பில் வேற ஆற்றையோ பேரிலை வருது. மனுசன் வெளியிலை வாறதே இல்லை. மீன்காரனுக்கும் கதவு அரைவாசிதான்."

நாலாம் மாடி, கடைசிக் கதவு. ஹியூபேட் மணி அடித்தார். சங்கிலி போட்டபடி கதவு ஒரு சாண் திறந்தது. படத்தில் பார்த்த முகம்தான், தாடி மட்டும் புதிது.

"லோகேஸ்வரன், உங்கட மனைவி றேணுகா எங்களை அனுப்பினவ," என்றார்.

அகப்பட்டவர்களின் முகங்களை ஹியூபேட் நிறையப் பார்த்திருக்கிறார். பொய் சொல்லத் தயாராகும் முகம், ஓட வழி பார்க்கும் முகம். இந்த மனிதன் ஓடவும் பார்க்கவில்லை, பொய் சொல்லவும் இல்லை. தன் மணிக்கூட்டைப் பார்த்தான்.

"எத்தினை மணித்தியாலம்?"

"இருபத்தெட்டு," என்றாள் ஷஹீமா.

சங்கிலி கழன்றது.

அறையில் ஒரு மெத்தை, ஒரு மேசை, ஒரு கணினி. கதவுக்குப் பக்கத்தில் கட்டிவைத்த பை ஒன்று. லோகேஸ்வரன் அவர்களைக் கதிரையில் இருத்திவிட்டுத் தான் மெத்தையில் உட்கார்ந்தான்.

"எதிலை பிழை விட்டனான்?"

ஷஹீமா ஏழாவது தாளை நீட்டினாள். அவன் அதை வாங்கிக் கனநேரம் பார்த்தான்.

"நம்பரை அழிச்சுப்போட்டுப் போட்டிருக்கலாம்," என்றான். "மறந்துபோய் விடேல்லை. போடேக்கை தெரியும். ஆனா ரெண்டு. அந்தக் குறூப்பிலை ஒருத்தரிட்டையும் ரெண்டு இல்லை."

ஹியூபேட்டின் தலைக்குள் இரண்டு நாளாகத் தனித்தனியே கிடந்தவை இப்போது ஒன்றோடொன்று பொருந்தின. நாள் கணக்கு. கேட்காத கேள்வி. யாரும் எடுக்கக்கூடிய தாள்களை மட்டும் கொண்டுவந்த மனைவி.

"நீங்கள் இஞ்சை இருக்கிறது அவவுக்குத் தெரியும்."

"இந்த அறையைப் பிடிச்சுத் தந்ததே அவதான். உங்களிட்டை வந்தது என்னைத் தேடுறதுக்கு இல்லை. தேடினால் அம்பிடுவனோ எண்டு பாக்கிறதுக்கு."

பிறகு அவன் சொன்னான், அதே மீட்டர் இலக்கக் குரலில். எட்டு மாதத்தில் இருவரும் ஒரே குரலுக்கு வந்துவிட்டார்கள் போலிருந்தது. அவன் ஒரு களஞ்சியக் கொம்பனியில் வலையமைப்பு பார்த்தவன். அங்கே முர்ஷித் என்ற தொழிலாளி கொள்கலனுக்கு அடியில் நசிந்து செத்தான். அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை என்று எழுதி, கமராப் பதிவையும் அழித்தார்கள். எத்தனை மணிக்கு, யாருடைய கணினியில் இருந்து அழித்தார்கள் என்ற பதிவு லோகேஸ்வரனிடம் இருக்கிறது. புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கு. இவன் சாட்சி. இன்னும் பன்னிரண்டு நாள், அடுத்த கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை.

"வீட்டுக்கு ரெண்டு பேர் ரெண்டு தரம் வந்தவை," என்றான். "மரியாதையான ஆக்கள். தேத்தண்ணி குடிச்சவை. மகள் சாமினி போற ஸ்கூல் வானின்ர நம்பரைச் சொல்லி, நல்ல வான், நல்ல ட்றைவர் எண்டவை. வேறை ஒண்டும் சொல்லேல்லை."

"பொலிஸிட்டைப் பாதுகாப்புக் கேக்கேல்லையோ?"

"கேட்டால் என்ர விலாசம் எத்தினை மேசைக்குப் போகும்?"

ஹியூபேட் கதவுக்குப் பக்கத்தில் இருந்த பையைப் பார்த்தார். ஒரு விலாசம் ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்குப் போவது எவ்வளவு லேசான காரியம் என்று அவருக்குத் தெரியும்.

"ரொனி இப்ப நாலு பேருக்குச் சொல்லுவார்," என்றாள் ஷஹீமா. அவள் குரலில் விளையாட்டு இல்லை. "புரொபெசரைத் தேடி ஆக்கள் வந்தாங்கன்டு. கெட்ட மனுசன் இல்ல, கதைக்கிறதுக்கு ஒரு கதை அது. நாமதான் குடுத்தீக்கிறோம்."

ஹியூபேட் றேணுகாவுக்கு அழைப்பு எடுத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"இருபத்தெட்டு மணித்தியாலம்," என்றார். எப்படி என்றும் சொன்னார்.

மறுமுனையில் பிள்ளை ஏதோ பாட்டை ஒப்புவிக்கும் சத்தம் கேட்டது. றேணுகா யோசித்தாள்.

"அவரை இப்பவே மாத்துங்கோ. எங்கை எண்டு எனக்குச் சொல்ல வேண்டாம். உங்களிலை ஒராள் ஒளிச்சு வையுங்கோ. மற்றாள் தேடுங்கோ. வியாழன்மட்டும். அம்பிட்டால் திரும்ப மாத்துங்கோ."

ஹியூபேட் போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு அதை அப்படியே சொன்னார். ஷஹீமா எழுந்து அவரிடம் கதவைக் காட்டினாள்.

"அப்ப நீங்க வெளிய போங்க சேர். இண்டைல இருந்து நீங்க எதிர்க்கட்சி."

கீழே தேநீர்க் கடையில் வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, சீனி போடாத பிளேன்டீ ஒன்றைக் குடித்தார். முதுகுக்குப் பின்னால் ஒரு த்ரீவீல் வந்து நின்றது. போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பதினொரு நாள் தேடினார். ஷஹீமாவின் தங்கை வத்தளையில் இருக்கிறாள். அந்த ஒழுங்கையில் ஒரு நாள் முழுக்க நின்றார். பொரளையில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் அறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசையில் இருந்துகொண்டு இருவரும் ஒருவரையொருவர் வேவு பார்த்தார்கள். ஒரு திங்கட்கிழமை அவளுடைய குப்பைக் கூடையில் கல்கிசைக்குப் போன ரயில் ரிக்கற் கிடந்தது. அவர் கல்கிசைக்குப் போய், கடற்கரைப் பக்கம் வாடகைக்கு விடும் அறைகளெல்லாம் ஏறி இறங்கி, பின்கழுத்து வெயிலில் வெந்து திரும்பி வந்தார்.

"கல்கிசைக் கடல் எப்பிடி சேர்?"

"கடல் இருந்தது. அவர் இல்லை."

"ரிக்கற் நூறு ரூபாய்க்குள்ள. இவ்வளவு மலிவா ஒராளை ஒரு நாள் அலைய விட ஏலும்ன்டு எனக்கே தெரியாது."

எட்டாம் நாள், ஹாபர்நெற் ஏணிக்காரர் ரொனி அவளுக்கு அழைத்தார். மரியாதையான இரண்டு பேர் வந்து நாலாம் மாடி ஆளைப் பற்றி விசாரித்தார்களாம். பூட்டிக் கிடந்த அறையைக் காவலாளியைக் கொண்டு திறந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். ஷஹீமா அதை ஹியூபேட்டிடம் சொன்னாள். அன்றைக்கு வழமையைவிட இரண்டு மணித்தியாலம் கூடத் தேடினார்.

புதன்கிழமை மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கொட்டாஞ்சேனையில் தகப்பன் விட்டுப்போன இரண்டு மாடி வீடு அது. கீழே அவரும் தமக்கை மாக்ரெட்டும். மேல் அறையில் முன்பு வாடகைக்கு ஆள் இருந்தது. முழங்கால் வலி வந்தபிறகு வேலைக்காகவன்றி அவர் படியேறுவதில்லை. கலியாணம் கட்டாத மாக்ரெட்டுக்கு அறுபத்துநாலு வயது. புதன்கிழமையென்றால் கோயில் நவநாள் பூசையைப் போனில் நேரடியாகப் பார்ப்பாள். சோற்றுக் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியோடு கதிரையில் சாய்ந்தாள். பாடல் தொடங்கியது.

ஹியூபேட் இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய்க்குச் சோற்றைப் பிசைந்த கை நின்றது. ஏதோ ஒன்று குறைந்தது. என்ன என்று பிடிபட ஒரு நிமிடம் சென்றது.

தமக்கை முணுமுணுக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக, எந்தப் பக்கத்தைத் தொட்டாலும் முதலில் வட்டம் சுற்றும். அது சுற்றி முடியும்வரை அவள் போனை ஏசுவாள், பிறகு ஏசியதற்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுவாள். இன்றைக்குத் தொட்டாள், திறந்தது.

"நெற் கெதியா இருக்கு," என்றார்.

"ம்ம். போன கிழமை தொடக்கம்."

"ஆர் பாத்தது?"

மாக்ரெட்டின் பெருவிரல் திரையில் நின்றது. "தானாச் சரி வந்திட்டுது."

அவர் கையைக் கழுவிவிட்டு, அலுமாரிக்கு மேல் இருந்த இன்டர்நெற் றவுற்றரை எடுத்தார். மேலே விரல் தடிப்புக்குத் தூசி. கீழே கடவுச்சொல் ஒட்டியிருந்த இடம் மட்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தது. இரண்டு கிழமைக்கு முன்னால் என்றால் அவருக்கு இதற்குமேல் ஒன்றும் விளங்கியிருக்காது. இப்போது தன் போனில் அந்தக் கடவுச்சொல்லை அடித்து, ஷஹீமா செய்வதைப் பார்த்துப் பழகியது போல உள்ளே போய், டிஎன்எஸ் என்று இருந்த இடத்தைத் தேடினார். யாரோ கையால் அடித்த இரண்டு எண்கள். கீழே, குறிப்பு எழுதும் கட்டத்தில் ஒரு வரி: பழைய முதல் சேர்வர் எப்பவோ செத்துவிட்டது, ஒவ்வொரு முறையும் ஐந்து செக்கன் அதுக்காகக் காத்திருந்தது.

ஒரு வீட்டில் நெற் மெதுவாகப் போனால் நித்திரை வராத மனிதன் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். ஹியூபேட்டுக்கு ஒருவனைத்தான் தெரியும்.

பிறகுதான் மற்றவை வந்தன. பதினொரு நாளாகச் சோற்றுப் பானை பெரியது. மேல்மாடிக் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். கொடியில் காய்ந்த அவருடைய வெள்ளைச் சட்டையைக் காணவில்லை என்றபோது, லோன்றிக்குக் குடுத்தது என்றாள் மாக்ரெட். இந்த வீட்டில் எதுவும் அவருடைய கண்ணிலும் காதிலும் படுவதில்லை என்பது ஷஹீமாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வந்து மாக்ரெட்டோடு இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவள். கொழும்பு முழுக்க யோசித்து, எவரும் பார்க்காத இடமாக அவருடைய தலைக்கு மேலேயே ஒன்றைத் தெரிவு செய்திருக்கிறாள்.

அவமானமாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். அப்படியும் இல்லை. நெஞ்சுக்குள் எங்கோ ஒரு இடத்தில், மரத்துப்போன காலில் இரத்தம் திரும்ப ஓடும்போது வருவது போல ஒரு குத்தல் மட்டும் இருந்தது.

மாடிப்படிக்குக் கீழே போய் நின்றார். மாக்ரெட் போனை மடியில் வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி," என்றாள். "முழங்கால் நோகும். ஏறாதே."

அவர் ஏறவில்லை. வாசல் கதிரைக்கு வந்து றேணுகாவுக்கு அழைப்பு எடுத்தார். இந்தத் தடயத்தை எடுக்க இந்த வீட்டுச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார வேண்டும். அந்த இரண்டு மரியாதைக்காரர்களுக்கும் அது கிடைக்காது என்று தனக்குள் ஒருமுறை கணக்குப் பார்த்துக்கொண்டார்.

"பதினொரு நாள்," என்றார். "கிடைக்கேல்லை."

"வடிவாத் தேடினனீங்களோ?"

"தேடினனான். கிடைக்கேல்லை."

"அப்ப சரி."

அழைப்பைத் துண்டிக்கப் போனார்.

"அண்ணை," என்றாள் றேணுகா. அவள் அவரை ஏதாவது முறை சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல்தரம். மீட்டர் இலக்கக் குரல் போயிருந்தது. "அவர் சாப்பிடுறாரோ?"

தேடிக் கிடைக்காத ஒருவனைப் பற்றிக் கேட்கக்கூடாத கேள்வி அது. அது அவளுக்கும் தெரியும். தெரியாது என்பதுதான் அவர் சொல்லவேண்டிய பதில். மேலே ஒரு கோப்பையைக் கழுவி வைக்கும் சத்தம் கேட்டது.

"ஓம்," என்றார் ஹியூபேட். "நல்லாச் சாப்பிடுறார்."

அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, விட்டு விட்டு. அவர் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்குப் புதுக்கடையில் பெயர் கூப்பிட்டார்கள். கை கொஞ்சம் கட்டையான வெள்ளைச் சட்டையோடு லோகேஸ்வரன் சாட்சிக் கூண்டில் ஏறினான். பின்வரிசையில் ஷஹீமாவும் ஹியூபேட்டும் இருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் மரியாதையாக உடுத்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வதிவிடம் எங்கே என்று கேட்டார்கள். லோகேஸ்வரன் வெள்ளவத்தை ஒழுங்கையின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சொன்னான். எல்லோருக்கும் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.